தில்லி அடுக்ககத்தில் மார்கழிக் கோலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லியில் கோலம் போட உட்கார்ந்தால் ஊர்ப் பழக்கம் பாதிதான் கைகொடுக்கும். மண் வாசல் கிடையாது, தரை பளபளவென்று பளிங்கு, மார்கழிக் காலையில் விரல் விறைத்துப்போகிறது, எட்டு மணிக்குள் நடைபாதையைப் பெருக்கிவிடுகிறார்கள். டிசம்பர் பிறந்ததும் மயூர் விஹார், துவாரகா, முனிர்கா, ஆர்.கே.புரம் பக்கத் தமிழ் வீடுகளில் கேட்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

எங்கள் வாசலில் வெள்ளைப் பளிங்கு. கோலம் போட்டால் தெரியவே இல்லையே?

முதலில் வாசலைத் தாண்டி ஓர் அடி தள்ளிப் பாருங்கள். தில்லியின் பழைய குடியிருப்புகள் பலவற்றில் வீட்டுக்குள் பளிங்கு இருந்தாலும் மாடிப்படியும் நடைபாதையும் கோட்டாக் கல்லாக இருக்கும். ராஜஸ்தானின் கோட்டாவிலிருந்து வரும் இந்தப் பச்சை கலந்த சாம்பல் நிறக் கல்லில் வெள்ளை இழை நன்றாக எடுக்கும். கோலத்துக்கு இதைவிட நல்ல தரை தில்லியில் கிடையாது.

அங்கேயும் பளிங்குதான் என்றால் ஒரு பலகை செய்துகொள்ளுங்கள். 2 அடிக்கு 2 அடி, 6 மி.மீ. ப்ளைவுட் போதும். நான்கு ஓரத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்புக் கதவுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு பிரைமரை இரண்டு பூச்சு அடித்து, ஒவ்வொன்றையும் ஒரு நாள் காயவிடுங்கள். செம்மண் மெழுகிய வாசல் மாதிரியே இருக்கும். பளபளக்கும் எனாமல் வேண்டாம், அதில் மாவு வழுக்கிக்கொண்டு ஓடும். கனம் ஒன்றரைக் கிலோகூட இருக்காது என்பதால் இரவில் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிடலாம்.

சிலர் கடப்பாக் கல் வாங்கிப் போடுகிறார்கள். கோலத்துக்கு அருமையான கறுப்பு. ஆனால் அதே அளவில் 20 மி.மீ. கனக் கல் 19 கிலோவுக்கு மேல் வரும். ஒருமுறை வைத்தால் அங்கேயேதான் கிடக்கும். அடியில் ரப்பர் விரிப்பு போடாவிட்டால் கீழே உள்ள பளிங்கு கீறும்.

காவி பூசி அதன்மேல் போடலாமா?

பலகையிலும் சிமெண்டுத் தரையிலும் தாராளமாகப் பூசலாம். பளிங்கில் மட்டும் கூடவே கூடாது. காவியின் நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. பளிங்கின் நுண்துளைக்குள் அது இறங்கிவிட்டால் சோப்புக்கும் வராது, கல்லை மறுபடி இழைத்துத்தான் எடுக்க வேண்டும். வாடகை வீட்டில் முன்பணம் போக இது ஒன்றே போதும். கறை எடுக்கிறேன் என்று கழிப்பறை ஆசிட் ஊற்றினால், கறை இருந்த இடத்தில் கல்லே அரித்து மங்கிப்போகும்.

காவிக்கு இங்கே ‘கேரு’ என்று பெயர். பெயிண்ட் கடையிலும் மளிகையிலும் கட்டியாகவோ தூளாகவோ கிடைக்கும். 50 கிராம் தூளை 100 மில்லி தண்ணீரில் அரை மணி ஊறவைத்தால் 2 அடிப் பலகைக்கு நான்கைந்து முறை கரை கட்டலாம்.

அரிசி மாவா, கல்பொடியா?

எறும்புக்கும் குருவிக்கும் இரையாகட்டும் என்றுதான் ஊரில் அரிசி மாவு. அந்த எண்ணம் நல்லது, வீட்டுக்கு முன் மண்ணும் மரமும் இருந்தால் தில்லியிலும் அப்படியே செய்யுங்கள். ஆனால் நான்காவது மாடி நடைபாதையில் அரிசி மாவைத் தேடி வருவது புறாதான். ஒரு வாரம் தின்று பழகிவிட்டால் சன்னல் திட்டில் கூடு கட்டிவிடும், எச்சத்தால் அக்கம்பக்கம் முழுக்கச் சண்டை வரும். புறா வரும் மாடியில் கல்பொடியே சரி. கீழ்த்தளத்தில் தோட்டத்தை ஒட்டிய வீடென்றால் அரிசி மாவு.

கல்பொடியில் இரண்டு வகை உண்டு, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒன்று சுண்ணக்கல் அல்லது பளிங்கை அரைத்தது, மெத்தென்று இருக்கும். இன்னொன்று குவார்ட்ஸ் எனப்படும் வெண்கல் பொடி, பளிச்சென்று மின்னும், விரலில் அழகாக இறங்கும். ஆனால் கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, பளிங்கு 3. அதன்மேல் செருப்புக் காலோடு ஒருவர் நடந்தால் மெருகு போய்க் கீறல் விழும்.

எது எந்தப் பொடி என்று அறிய, ஒரு எவர்சில்வர் கரண்டியில் சிட்டிகை பொடியைப் போட்டு நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணக்கல் வகை, சும்மா கிடந்தால் பெரும்பாலும் குவார்ட்ஸ். சோதனையைத் தரையில் செய்யாதீர்கள், எலுமிச்சை பளிங்கையும் அரிக்கும்.

புறாத் தொல்லை இல்லாத இடத்துக்கு எங்கள் பரிந்துரை: மூன்று பங்கு சுண்ணக்கல் பொடி, ஒரு பங்கு அரிசி மாவு. கல்பொடியின் கனம் இழையை நேராக இறக்கும், அரிசி மாவு தரையைப் பிடித்துக்கொள்ளும். தீபாவளிக்கு முன்பே சதர் பஜாரிலும் பேட்டைச் சந்தைகளிலும் வெள்ளை ரங்கோலிப் பொடி மூட்டையாக வந்துவிடும். மார்கழிக்கும் சேர்த்து அப்போதே வாங்கிவிடுங்கள், டிசம்பரில் தேடினால் பல கடைகளில் இருக்காது. 7 புள்ளிக் கோலத்துக்கு ஒரு கைப்பிடி, அதாவது 40 கிராம் போகும் என்று வைத்தால் மாதத்துக்கு ஒன்றேகால் கிலோ. பொங்கலன்று போடும் பெரிய கோலத்துக்குத் தனியாகக் கால் கிலோ.

மாவு விரலிலிருந்து இறங்கவே மாட்டேன் என்கிறது. திட்டுத்திட்டாக விழுகிறது.

மாவு மிக நைசாக இருக்கலாம். கடையில் வாங்கும் இடியாப்ப மாவு கோலத்துக்கு ஆகாது. பச்சரிசியைக் கழுவாமல் அப்படியே மிக்சியில் அடித்துச் சலியுங்கள், சன்ன ரவையைவிட ஒரு படி நைசாக இருந்தால் போதும். ஈரமும் காரணமாக இருக்கலாம். மூடுபனிக் காலத்தில் கொட்டாங்கச்சியில் திறந்து வைத்த மாவு ஒரே இரவில் கட்டிப்போகும். மூடி போட்ட டப்பாவில் வைத்து, காலையில் தேவையானதை மட்டும் வெறும் வாணலியில் சிறு தீயில் இரண்டு நிமிடம் புரட்டி எடுங்கள்.

மூன்றாவது, உங்கள் விரல். 5, 6 டிகிரி குளிரில் விரல் விறைத்தால் கட்டைவிரலின் உரசல் சீராக வராது. காப்பி டம்ளரை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு உட்காருங்கள், பிறகு கையை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள்.

பிடிக்கும் முறை: கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றுக்கும் இடையே மாவு. ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் கட்டைவிரல் மெல்ல உரச வேண்டும், பிதுக்கக்கூடாது. விரல் நுனி தரையிலிருந்து அரை அங்குலம் மேலே. தாழ்த்தினால் இழை தடிக்கும், உயர்த்தினால் சிதறும். நீளக் கோட்டுக்கு மணிக்கட்டைத் திருப்பாமல் முழங்கையோடு நகருங்கள்.

தண்ணீர் தெளித்துப் போட்டால் கோலம் மறைந்துபோகிறதே?

ஊரில் தெளித்த நீரை மண் குடித்துவிடும், மேலே ஈரப்பதம் மட்டும் நிற்கும். கல் தரை குடிக்காது. தில்லிக் குளிரில் அரை மணி ஆனாலும் நீர்ப்படலம் அப்படியே இருக்கும். அதில் விழும் பொடி நனைந்து, வெண்மை போய்க் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து ஒருமுறை துடைத்து, காய்ந்த துணியால் மறுமுறை துடைத்துவிட்டுப் போடுங்கள்.

எத்தனை மணிக்குப் போட வேண்டும்?

சூரிய உதயத்துக்கு முன். ஜனவரித் தொடக்கத்தில் சென்னையில் உதயம் ஏறக்குறைய 6.30, தில்லியில் 7.15. ஊர்க் கணக்கில் நாலரைக்கு எழுந்து நடுங்க வேண்டியதில்லை, ஆறரைக்குப் போட்டாலும் இங்கே இருட்டுதான். முதல் நாள் இரவே போட்டு வைப்பதும் பலர் வழக்கம். பலகை என்றால் சரி, தரையென்றால் பனியில் நனையும்.

“இடைப்புள்ளி 15–8” என்று போட்டிருக்கிறார்கள். எப்படி வைப்பது?

நடு வரிசையில் 15 புள்ளி. அதற்கு மேலும் கீழும் 14, பிறகு 13, இப்படி ஒவ்வொன்றாகக் குறைத்து 8-இல் நிறுத்த வேண்டும். அடுத்த வரிசைப் புள்ளி முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுச் சந்தில் விழும், அதனால் சந்துப் புள்ளி என்றும் சொல்வார்கள். மொத்தம் 169 புள்ளி. வைத்து முடித்ததும் ஓரத்தை எண்ணுங்கள், ஆறு பக்கமும் எட்டெட்டாக இருந்தால் கணக்கு சரி.

“நேர்ப்புள்ளி 15–1” என்றால் நடுவில் 15, பிறகு 13, 11 என்று இரண்டிரண்டாகக் குறைந்து 1 வரை. புள்ளிகள் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று நிற்கும். மொத்தம் 113.

இடைப்புள்ளியில் பூவெல்லாம் நசுங்கினது போல வந்தால் வரிசை இடைவெளிதான் தவறு. புள்ளிக்குப் புள்ளி 2 அங்குலம் என்றால் வரிசைக்கு வரிசை ஒன்றே முக்கால் இருக்க வேண்டும். கோணலாகப் போனால் டைல்ஸின் இணைப்புக் கோட்டையே நடு வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதும் நடு வரிசையில் தொடங்குங்கள், மேலிருந்து தொடங்கினால் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

2 அடிப் பலகையில் 15–8 அடங்காது. 7–4 போடுங்கள், இடைவெளி இரண்டரை அங்குலம், மொத்தம் 37 புள்ளி.

சிக்குக் கோலத்தில் கம்பி ஒன்றாக வந்து முடிவதில்லை. எங்கே தவறு?

சிக்குக் கோலம் என்பது புள்ளிகளைச் சுற்றிப் பின்னிப் போகும் கோலம், அப்படிப் போகும் இழைதான் கம்பி. பெரும்பாலும் தவறு கையில் இல்லை, வைத்த புள்ளியில் இருக்கிறது.

நேர்ப்புள்ளியில் 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வையுங்கள். கம்பி எந்தப் புள்ளியையும் தொடக்கூடாது. பக்கத்தில் பக்கத்தில் உள்ள எந்த இரு புள்ளிக்கும் நடுவே கம்பி சாய்வாக ஒருமுறை வெட்டிக்கொண்டு போக வேண்டும், பக்கவாட்டிலும் சரி, மேல் கீழிலும் சரி. ஓரத்துக்கு வந்தால் ஓரப் புள்ளியைச் சுற்றி வளைந்து உள்ளே திரும்ப வேண்டும். இப்படிப் போனால் எங்கே தொடங்கினாலும் அத்தனை புள்ளியையும் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வீர்கள். அதே விதியோடு 3-க்கு 3 போட்டுப் பாருங்கள், ஒரே கம்பி வரவே வராது, மூன்று தனிக் கம்பிகள் பின்னிக் கிடக்கும்.

காரணம், இந்த வகைக் கோலத்தில் கம்பியின் எண்ணிக்கை வரிசையும் புள்ளியும் ஆகிய இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி, அதாவது இரண்டையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண். 3-க்கு 4 என்றால் 1. 4-க்கு 6 என்றால் 2. 5-க்கு 5 என்றால் 5. ஒரே கம்பி வேண்டுமானால் 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லாத எண்களாகத் தேர்ந்தெடுங்கள்: 2-க்கு 3, 4-க்கு 5, 5-க்கு 7.

போட்டது சரியா என்று வெட்டுகளை எண்ணியும் பார்க்கலாம். 3-க்கு 4-இல் பக்கவாட்டு இணைகள் 9, மேல்கீழ் இணைகள் 8, ஆக 17 வெட்டு. 16 தான் இருக்கிறதென்றால் எங்கோ ஓர் இடத்தில் கடக்காமல் வளைந்துவிட்டீர்கள்.

சதுரமாகத்தான் வேண்டும், ஆனால் கம்பியும் ஒன்றாக வேண்டும் என்றால் வழி இருக்கிறது. இரண்டு வெவ்வேறு கம்பிகள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தில், வெட்ட விடாமல் இரண்டையும் விலக்கி வளைத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றாகிவிடும். 5-க்கு 5-இல் ஐந்து கம்பி, ஆகவே இப்படி நான்கு இடம் போதும். முதலில் காகிதத்தில் ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு வண்ணப் பென்சிலால் போட்டுக்கொண்டால் எந்த வெட்டில் எவை சந்திக்கின்றன என்று தெரியும். ஒரே கம்பி தன்னையே வெட்டும் இடத்தில் கைவைக்காதீர்கள், அது இரண்டாகப் பிரிந்துவிடக்கூடும்.

ஏட்டில் எழுதாமல் கைக்குக் கை வந்த இந்தக் கணக்கைப் பிற்பாடு ஆய்வுலகமும் எடுத்துக்கொண்டது. தாம்பரத்துச் சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-இல் கோலத்தைப் படங்களாலான ஒரு மொழியாகக் கொண்டு அதற்கு இலக்கண விதிகள் வகுத்தார்கள். கணினி அறிவியலில் படமொழி ஆராய்ச்சிக்கு அது முக்கியமான அடி. தில்லியில் பிறந்து, “இதெல்லாம் பழைய சமாசாரம்” என்று ஒதுங்கும் கல்லூரிப் பிள்ளைகளிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை மாக்கோலம் போட எவ்வளவு அரிசி?

அரை டம்ளர் பச்சரிசி, சுமார் 100 கிராம். 3 அடிச் சதுரத்தில் நான்கிழைப் படிக்கோலம் (நான்கு நான்கு இணைகோடாக இழுப்பது) போட அது போதும். வெயில் காலத்தில் இரண்டு மணி நேரம் ஊறினால் சரி. தில்லிக் குளிரில் வெந்நீரில் நான்கு மணி நேரம் ஊறட்டும். கையில் திப்பி தட்டாதபடி அரைத்து, மோர்ப் பதத்துக்குக் கரையுங்கள். பழைய வேட்டித் துணியில் நான்கு அங்குலத் துண்டைக் கிழித்து, மாவில் நனைத்து உள்ளங்கையில் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினால் மோதிரவிரல் நுனி வழியாக மாவு இறங்கும்.

போடும்போது தண்ணீர்க் கோடு மாதிரிதான் தெரியும். காய்ந்த பிறகே வெளுக்கும், குளிர்காலத்தில் அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். அந்தப் பொறுமை இல்லாமல் மேலே மேலே இழுப்பவர்களுக்குத்தான் கோலம் தடித்து, காய்ந்ததும் பொருக்காக உரிகிறது.

சாணியும் பூசணிப்பூவும் இல்லாமல் மார்கழியா?

குளிர்காலத் தில்லியில் பூசணிப்பூ கிடைப்பது அரிது. அதே மாதத்தில் செண்டுமல்லியும் சாமந்தியும் கொட்டிக் கிடக்கும், செண்டுமல்லிக்குப் பூக்கடையில் ‘கேந்தா’ என்று கேளுங்கள். சாணிக்குப் பதில் தொட்டி மண்ணை எலுமிச்சை அளவு உருட்டி அதில் பூவைச் செருகலாம். பளிங்கின் மேல் ஈர மண்ணை நேராக வைக்காமல் ஓர் இலையின் மேல் வையுங்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் இந்தப் பூ வைத்த உருண்டைகளைத் தட்டிக் காயவைத்து, சிறுவீட்டுப் பொங்கலன்று நீரில் விடுவார்கள். அந்த வழக்கம் உள்ளவர்கள் மண் உருண்டைகளைச் சேர்த்து வைத்துச் செடித்தொட்டியில் கரைத்துவிடலாம். யமுனைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

“தீபாவளி முடிந்துவிட்டதே, ஏன் இன்னும் ரங்கோலி?” என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள்.

கேட்பவர் எந்த ஊர் என்று திருப்பிக் கேளுங்கள். குமாவூன் மலைக்காரர் என்றால் அவர்கள் வீட்டில் ஐபண் உண்டு, கேரு பூசிய தரையில் ‘பிஸ்வார்’ என்னும் அரிசி மாவுக் கரைசலால் விரலால் போடுவது. நம் காவி மாக்கோலத்தைப் பார்த்ததும் அவர்களுக்குப் புரிந்துவிடும். மிதிலைக்காரர் என்றால் அரிபன், வங்காளி என்றால் ஆல்பனா, ராஜஸ்தானி என்றால் மாண்டணா. உத்தரப் பிரதேசத்துக்காரர்கள் பூசைக்கு மாவால் சௌக் போடுவார்கள். அவர்களுடையது பெரும்பாலும் பண்டிகைக்கும் சடங்குக்கும் உரியது, நம்முடையது நாள்தோறும் போட்டு நாள்தோறும் அழிவது. அந்த ஒரு வித்தியாசத்தைச் சொன்னால் போதும். ஜனவரி 13 பஞ்சாபிகளுக்கு லோஹ்ரி, நமக்குப் போகியும் அன்றோ மறுநாளோதான். லோஹ்ரியன்று மாலை கீழே நெருப்பைச் சுற்றிப் பெரிய கோலம் ஒன்றைச் சேர்ந்து போடலாமே. நெருப்பு மூட்டும் இடத்திலிருந்து ஐந்தடி தள்ளி.

காலையில் பெருக்குபவர் துடைத்துவிடுகிறார். குடியிருப்போர் சங்கத்திலும் புகார்.

முதல் நாளே அவரிடம் நேரில் சொல்லுங்கள்: “பையா, இஸே ஷாம் தக் ரெஹ்னே தீஜியே, ஹம் குத் சாஃப் கர் தேங்கே.” மாலை வரை இருக்கட்டும், நாங்களே சுத்தம் செய்துகொள்கிறோம் என்று அர்த்தம். சொன்னபடி நீங்களே எடுத்துவிட வேண்டும், அதுதான் முக்கியம். முதலில் மெல்லிய விளக்குமாற்றால் காய்ந்த பொடியைக் கூட்டி அள்ளுங்கள், பிறகுதான் ஈரத்துணி. நேராக ஈரத்துணி போட்டுத் தேய்த்தால் பொடி சேறாகி இணைப்புகளில் போய் அடையும்.

புகாரைப் பொறுத்தவரை பெரும்பாலும் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நடைபாதை எல்லோருக்கும் பொது, தீப்பிடித்தால் அதுதான் வெளியேறும் வழி, மெருகுத் தரையில் பொடி வழுக்கும். கோலம் உங்கள் நிலைப்படியிலிருந்து இரண்டடிக்குள் இருக்கட்டும். லிஃப்ட் முன்பும் படிக்கட்டின் முதல் படியிலும் வேண்டாம்.

ஸ்டிக்கர் ஒட்டினால் என்ன குறை?

முழங்கால் மடங்காத பெரியவர்கள் வீட்டில் ஒட்டட்டும், அதில் ஒரு குறையும் இல்லை. மற்றவர்கள் ஐந்து புள்ளியாவது கையால் வைக்கலாம். பழைய ஸ்டிக்கரின் பசை பளிங்கில் மஞ்சளாக நிற்கும். ஹேர் டிரையரால் சூடாக்கி மெல்ல உரியுங்கள், கத்தியால் சுரண்டாதீர்கள்.

எந்த நாளில் போடக்கூடாது?

வீட்டில் இறப்பு நேர்ந்த தீட்டு நாட்களில் போடுவதில்லை. திவசத்தன்று காரியம் முடிந்த பிறகு போடுவார்கள். மற்றபடி வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பெண்ணானாலும் பையனானாலும் முதல் வாரம் கறுப்பு சார்ட் அட்டையும் தூள் உப்பும் கொடுங்கள். உப்பு கனமானது, விரலில் எளிதாக இறங்கும், கொட்டினாலும் கவலையில்லை. முதல் மூன்று நாள் புள்ளி மட்டும். அடுத்து ஒரே வரிசையில் 5 புள்ளி வைத்து, பாம்பு போல மேலும் கீழும் நெளிந்து போய், கடைசிப் புள்ளியைச் சுற்றி மறுபக்கமாகத் திரும்பி வரச் சொல்லுங்கள், சங்கிலி மாதிரி வரும். அது கைக்கு வந்ததும் 2-க்கு 3. அதில் மொத்தம் 7 வெட்டு வர வேண்டும், பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள். தவறிய இடத்தை நீங்கள் காட்டாதீர்கள். எண்ணிக்கை குறைந்தால் எங்கே விட்டது என்று பிள்ளையே தேடிக் கண்டுபிடிக்கும்.